ஏற்றுமீனும் என் இருபத்து மூன்றாவது மனுவும்

1986-ஆம் ஆண்டு அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். முந்தின நாள் மாலை நாலரைக்குப் பிடித்த மழை விடியற்காலை மூன்றுக்குத்தான் விட்டிருந்தது. இப்போது தூறல் மட்டும். பத்தடிக்கு அப்பால் நிற்பது மரமா மாடா என்று தெரியாத மூடுபனி. ஏற்காடு ஏரிக்கு வந்து சேரும் சிற்றோடைகளில் ஒன்றின் கரையில் தூண்டிலோடு நின்றிருந்தேன். அன்று எனக்கு வந்த கோபம் ஐந்து நாள் நீடித்தது. யார் மேல் கோபப்படுவது என்பது மட்டும் நடுவில் இரண்டு முறை மாறியது.

நான் சர்வே ஆபீஸில் முப்பத்து நாலு வருடம் படம் வரைந்து, ஹெட் டிராப்ட்ஸ்மேனாக 1983-இல் ஓய்வு பெற்றவன். சேலத்து வெயில் தாங்காமல் மலைமேல் வந்து, ஏரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு பிடித்தேன். எதையும் எண்ணாமல் விட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டு வாசலிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு அறுநூற்று நாற்பது எட்டு வைக்க வேண்டும். வழியில் தெருவிளக்கு ஒன்பது, எரிவது நாலு. அதற்காகத்தான் மனு எழுத ஆரம்பித்தேன். எரியாத விளக்கு, அடைத்துக்கொண்ட சாக்கடை, நேரத்துக்குக் கிளம்பாத பஸ், எடை குறைந்த ரேஷன் தராசு என்று மூன்று வருடத்தில் இருபத்திரண்டு மனு எழுதியிருந்தேன். ஒன்றுக்கும் பதில் கிடையாது. நகல் மட்டும் என்னிடம் நம்பர் போட்டு இருக்கிறது.

தூண்டில் பழக்கம் நீலகிரியில் வந்தது. வேலையாக அங்கே ஆறு வருடம் இருந்தபோது ஒரு தேயிலை எஸ்டேட் மேனேஜர் டிரௌட் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அதற்குப் புழுவும் வேண்டாம், தக்கையும் வேண்டாம். சேவலின் கழுத்து இறகைச் சின்னக் கொக்கியில் நூலால் சுற்றிப் பொய்ப்பூச்சி ஒன்று செய்துகொள்ள வேண்டும். கனமான நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னுமாக வீசி, பூச்சி தவறி விழுவதுபோல அதைத் தண்ணீரின்மேல் விழ வைக்க வேண்டும். அணையில் வளர்ந்த டிரௌட் மழைத் தண்ணீரை மோந்துகொண்டு ஓடைக்குள் ஏறிவரும். அகலம் நாலடிகூட இல்லாத ஓடையில் முழங்கை நீள மீன் எதிர்த்து நீந்தி வந்து அந்தப் பொய்ப்பூச்சியைக் கவ்வும்போது உண்டாகும் உதறலை அனுபவித்தவனுக்கு வேறு பொழுதுபோக்கு பிடிக்காது.

ஏற்காட்டில் டிரௌட் கிடையாது. ஆனால் ஏரியில் விட்ட கெண்டை உண்டு. பெருமழை பெய்து ஓடை கலங்கி வந்தால் அவையும் ஏரியை விட்டு ஓடைக்குள் ஏறும். ஏற்றுமீன் என்று சொல்வார்கள். கெண்டை பொய்ப்பூச்சியை எடுக்காது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். கறுப்பு இறகில் எறும்பு மாதிரிச் செய்து போட்டால் எடுக்கும் என்பதை நானே கண்டுபிடித்தேன். வருடத்துக்கு நாலைந்து நாள்தான் அந்த வாய்ப்பு. 1983-இல் பதினான்கு மீன், 1984-இல் பதினொன்று, 1985-இல் ஆறு.

இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் எனக்கு வயிற்றெரிச்சல். பதினான்கு ஆறாகியிருக்கிறது என்றால் யாரோ ஓடையை வழித்தெடுக்கிறார்கள். இன்னும் இரண்டு வருடத்தில் அந்த ஓடையில் ஏற ஒரு மீன்கூட மிஞ்சாது. யார் அந்தப் பாவி என்று கண்டுபிடிக்கும் எண்ணத்தோடுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை இறங்கினேன்.

எட்டே முக்காலுக்குள் மூன்று கெண்டை கிடைத்தன. மூன்றும் நல்ல பருமன். இதற்குள் காப்பித் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் இரண்டு கூட்டமாகக் கடந்து போயிருந்தார்கள். "ஏனுங்க, அந்தப் பெரியவரு யாரைங்க சாட்டையால அடிக்கறாரு?" என்று ஒருத்தி கேட்க, "பனியைங்க. வெரட்டி உட்டா வெய்யில் வருமாம்" என்று இன்னொருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்துக்கொண்டு போனார்கள். எனக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டார்கள் போல.

மீனைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஓடையோரமாகவே மேலே நடந்தேன். ரோட்டுப் பாலத்திலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டாவது எட்டில் கண்டுபிடித்துவிட்டேன். ஓடை குறுகும் இடத்தில் இரண்டு கரையிலிருந்தும் கல் அடுக்கி, நடுவில் இரண்டு பறி வைத்திருந்தார்கள். பறி என்பது மூங்கில் சிம்பில் முடைந்த நீளக் கூடை. ஒரு பக்கம் வாய், மறுபக்கம் மூடி. வாய்க்குள் சிம்புகளை உட்புறமாகச் சாய்த்துக் கட்டியிருப்பதால் உள்ளே போன மீன் வெளியே வர முடியாது. கல்லை எண்ணினேன், பதினேழு. பறியின் நீளத்தைச் சாணால் அளந்தேன், ஐந்து சாண். இடது கரையோரம் ஒரு முழ அகலத்துக்குக் கல் வைக்காமல் விட்டிருந்தார்கள். அதையும் பார்த்தேன், சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். பறிகள் கலங்கல் தண்ணீருக்குள் முக்கால்வாசி முழுகிக் கிடந்தன, மேலே சருகு மூடியிருந்தது. வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் குனிந்து பார்க்கவில்லை. முப்பத்து நாலு வருடம் ஒவ்வொரு படத்திலும் வடக்கு எது என்று அம்புக்குறி போட்டவன் நான்.

வீட்டுக்கு வந்ததும் ஈரச் சட்டையைக்கூட மாற்றாமல் மனு எழுத உட்கார்ந்தேன். என் மனைவி மீனை அறுத்துவிட்டுச் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க, மூணுலயும் சினைங்க. வவுறு பூராம் சினை."

"நல்லதா போச்சு, வறு" என்றேன்.

வறுத்துத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். முட்டையிட வரும் தாய்மீன்களை வழிமறித்துக் கொல்லும் கொடியவர்களைப் பற்றி மனுவின் மூன்றாவது பத்தியை எழுதும்போது அதைத்தான் தின்றுகொண்டிருந்தேன். இதை எழுதும் இப்போதும் என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

திங்கட்கிழமை, மறுபடி பிடித்துக்கொண்ட மழையில் போய், ரிஜிஸ்டர் தபாலில் சேலத்தில் இருக்கிற சம்பந்தப்பட்ட ஆபீஸுக்கு அனுப்பினேன். புதன்கிழமை காலை பத்தரைக்கு வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. தெருவிளக்குக்கு மூன்று வருடம், சாக்கடைக்கு இரண்டு வருடம், இதற்கு இரண்டு நாள்! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அதிகாரி ஒருவர், காக்கிச் சட்டைக்காரர் இரண்டு பேர். குடையைப் பிடித்துக்கொண்டு நானே முன்னால் நடந்து இடத்தைக் காட்டினேன். அவர்கள் பறிகளைத் தூக்கிக் கரையில் போட்டு மிதித்தார்கள். மூங்கில் முறியும் சத்தம் கேட்டு மேலே இருந்த காப்பிக் காட்டிலிருந்து ஒரு அம்மா ஓடிவந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மலைக்காரர், அந்த ஓடையோரக் காடு அவருடையதுதான். மழைக்குத் தலையில் சாக்கை மடித்துக் கொங்காணியாகப் போட்டிருந்தார்.

"அய்யோ, ஏனுங்க ஒடைக்கறீங்க? என்ன தப்புங்க பண்ணுனேன்?"

அதிகாரி என்னைக் காட்டினார். "சார் எழுதிப் போட்டிருக்காரு. ஏறற சினைமீனைப் புடிக்கறீங்களாம்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, நசுங்கியும் வாய் மட்டும் முறியாமல் கிடந்த பறியைப் புரட்டி, அது தண்ணீரில் கிடந்த மாதிரியே வைத்துக் காட்டினார். "வாய் எந்தப் பக்கம் இருக்குதுங்க? நீங்களே சொல்லுங்க."

வாய் ஓடையின் மேல்பக்கம் பார்த்து இருந்தது.

எனக்குப் புரியச் சில நொடி ஆனது. கீழே ஏரியிலிருந்து ஏறிவரும் மீன் அந்தப் பறிக்குள் நுழையவே முடியாது. அதற்கு மூடிய முதுகுதான் தெரியும். மேலேயிருந்து இறங்கிவரும் மீன்தான் வாய்க்குள் போகும். ஏறுகிற மீன் போவதற்குத்தான் கரையோரம் ஒரு முழம் வழி விட்டிருந்தார்கள்.

"ஏறற மீன் தாய் ஊட்டுக்குப் போற புள்ளத்தாச்சிங்க. அவளை யாராச்சும் மறிப்பாங்களா? போய் முட்டையிட்டுட்டு, மழை வுட்டு தண்ணி வடியறப்போ எறங்கும். அப்பத்தான் நாங்க புடிப்போம். எங்க மாமனாரு காலத்துல இருந்து அப்படித்தானுங்க. மழை இன்னைக்கோ நாளைக்கோ வுட்டுரும். வருசத்துக்கே நாலு கூடை மீனுங்க. அதை உப்புப் போட்டுக் காய வெச்சுத்தான் மாசிவரைக்கும் கொழம்பு. இப்ப பறி இல்லாம நான் எதைங்க வெச்சுப் புடிப்பேன்?"

அதிகாரி வாயையும் பார்க்கவில்லை, வாலையும் பார்க்கவில்லை. "பறி வெக்கறதே தப்பும்மா. நாளைக்கு சேலம் ஆபீஸ்ல வந்து எழுபத்தஞ்சு ரூபா கட்டணும். கட்டலைன்னா கேஸு" என்று தாளைக் கிழித்துக் கொடுத்தார். நான் இடையில் புகுந்து, தவறு என்னுடையது, மனுவைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல முடியாது. "சார், நடவடிக்கை எடுத்தாச்சு" என்று ஜீப்பில் ஏறிவிட்டார். என் இருபத்து மூன்று மனுவில் நடவடிக்கை எடுக்கப்பட்ட ஒரே மனு தப்பான மனு. இதற்கு நான் யாரிடம் போய் மனு கொடுப்பது?

மறுநாள் வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் அந்த அம்மாவோடு நானும் சேலத்துக்கு இறங்கினேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் அவர் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். அடிவாரம் தாண்டியதும் நானே ஆரம்பித்தேன். மீன் குறைகிறதே என்ற கவலையில்தான் எழுதினேன் என்று சொல்லி, பதினான்கு, பதினொன்று, ஆறு என்று கணக்கை ஒப்பித்தேன்.

"ஆமாங்க, கொறையுது. நாங்களும் பாத்துக்கிட்டுத்தானுங்க இருக்கறோம். மூணு வருசமா நொம்பக் கொறைஞ்சு போச்சு" என்றார். பிறகு, "நீங்க இந்த ஊருக்கு வந்து எத்தனை வருசமாச்சுங்க?" என்று கேட்டார்.

முப்பத்தோரு மீன் ஓர் ஓடையை வற்ற வைத்துவிடுமா என்று கோரிமேடு வரும்வரை உள்ளுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு மீனுக்கு எத்தனை முட்டை என்று பெருக்கிப் பார்க்கலாமே என்று தோன்றியது. என் ஆயுளில் பெருக்கிப் பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்த ஒரே கணக்கு அது.

அந்த ஆபீஸில் இருந்த கிளார்க்குக்கு என் பெயர் தெரிந்திருந்தது. "வாங்க சார், உங்க லெட்டர் எல்லாம் சுத்திக்கிட்டு இங்கதான் வரும். ஒண்ணுக்கும் நடவடிக்கை இல்லைன்னு ஒவ்வொரு லெட்டர்லயும் திட்டுவீங்க. எடுத்தா இப்ப வேண்டாங்கறீங்க" என்றார். வாபஸ் வாங்குவதற்கு என்ன வழி என்று கேட்டேன். "அதுக்கு ஒரு மனு குடுங்க சார்" என்றார். அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தேன். இருபத்து நாலாவது. பதில் இன்னும் வரவில்லை. வாய் எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை, சரி. நான் கிழவன், கோபத்தில் இருந்தேன். சம்பளம் வாங்கிக்கொண்டு ஜீப்பில் வந்தவருக்குக் குனிய என்ன கேடு?

அபராதத்தை நான் கட்டினேன். அந்த அம்மா தடுக்கவில்லை. "அது உங்க வேலைதானுங்க" என்றார். வெளியே வந்து, பறிக்கும் காசு தருகிறேன், எவ்வளவு என்று சொல்லுங்கள் என்று பையைத் திறந்தேன். அப்போதுதான் அவருக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது.

"காசு தண்ணிக்குள்ள எறங்கி மீன் புடிக்குமாங்க? மூங்கி வெட்டி, சிம்பு சீவி, முடைய எட்டு நாளாகும். மீன் நாளைக்கே எறங்கிரும். பறிய ஒடைச்சவன் பறியா நிக்கோணும்னு எங்க பக்கம் வழக்கம். வெடியறப்போ ஓடைக்கு வந்துருங்க."

எனக்கு அறுபத்தொரு வயது, மார்ச்சளி உண்டு, வலது முழங்கால் மடங்காது என்று சொல்லிப் பார்த்தேன்.

"பறிக்கு முழங்காலே கெடையாதுங்க" என்றார்.

மழை வியாழன் மத்தியானமே விட்டுவிட்டது. வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு, என் மனைவியின் திட்டை வாங்கிக்கொண்டு, எங்கள் கட்டில் கொசுவலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனேன். அந்த அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் காப்பிப்பழம் பறிக்கிற கூடைகளோடு நின்றிருந்தார்கள். ஜீப் மறுபடி வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "பறிதானுங்க வெக்கக்கூடாதுன்னாங்க. கொசுவலையப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்களே" என்றார் வீட்டுக்காரர். புகார் கொடுத்தவனே முழங்காலளவு தண்ணீரில் சாட்சியாக நின்றேன்.

வலையின் ஒரு முனை என் கையில், மறுமுனை அவர் கையில். எங்களுக்குப் பின்னால் கூடையோடு அந்த அம்மா. தண்ணீர் எலும்பைக் கடித்தது. ஆறரைக்கு முதல் மீன் வந்து வலையில் முட்டியது. நான் பிடித்த மீன்களைப் போல அது இல்லை. வயிறு ஒட்டி, வால் கிழிந்து, ஓடி ஓய்ந்த மீன். அதற்குப் பிறகு இரண்டும் மூன்றுமாக வந்துகொண்டே இருந்தன. வலையைத் தூக்கச் சொன்னால் நான் தாழ்த்துவேன், தாழ்த்தச் சொன்னால் தூக்குவேன். பாதி மீன் என் காலுக்கு நடுவில் புகுந்து ஏரிக்குப் போய்விட்டது. "இந்தப் பறியில ஓட்டை நொம்ப இருக்குதுங்க" என்று அந்த அம்மா தன் வீட்டுக்காரரிடம் சொன்னார். தோட்டத்துக்குப் போகிற அதே பெண்கள் கரைமேல் நின்று, "சார், சாட்டையை எங்கீங்க வுட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டார்கள்.

பத்தரை வரை, நாலே முக்கால் மணி நேரம் நின்றேன். அறுபத்து மூன்று மீன். கூடைக் கணக்கில் ஒன்றரை. அந்த வருடம் அவர்களுக்கு இரண்டரைக் கூடை மீன் நஷ்டம். அதை அந்த அம்மா ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டவில்லை, நான்தான் கணக்குப் போட்டேன். எனக்கு இரண்டு மீன் எடுத்துக்கொடுத்தார். வேண்டாம் என்றேன். "பறிக்கும் கூலி உண்டுங்க, புடிங்க" என்று பையில் போட்டுவிட்டார்.

மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன். கொசுவலை நாலு இடத்தில் கிழிந்து உபயோகமில்லாமல் போய்ப் புதிது வாங்க வேண்டியதாயிற்று. டாக்டர் என் கதையைக் கேட்டுச் சிரித்ததற்கும் சேர்த்து பீஸ் வாங்கினார். ஏறுகிற மீனுக்கு அதன்பிறகு நான் தூண்டில் போடவில்லை. இறங்குகிற மீன் பொய்ப்பூச்சியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அது அதன் இஷ்டம்.

எனக்கு இப்போது எண்பது வயது. கோபம் ஒன்றும் குறையவில்லை, தெருவிளக்கும் முழுசாக எரியவில்லை. ஆனால் யாரைப் பற்றியாவது மனு எழுதத் தோன்றினால், பேனாவைத் தொடுமுன் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே அவரிடம் போய், ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன்; கேட்டுவிட்டு வந்தபின் எழுத வேண்டியிருந்தவை இந்தப் பத்தொன்பது வருடத்தில் ஏழுதான். அந்த ஒரு வார்த்தையை அன்றே கேட்காமல் போனதற்கு ரிஜிஸ்டர் தபால், அபராதம், இரண்டு பேருக்குப் பஸ், பஸ் ஸ்டாண்டில் காப்பி, கொசுவலை, டாக்டர், மருந்து எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு நூற்று எழுபத்தொன்பது ரூபாய் நாற்பது காசு.